இரும்புப் பெண் என்று புகழ்ந்தால் போதுமா?

"அவள் இரும்பு மாதிரி. எதையும் தாங்குவாள்."

அமெரிக்காவில் கறுப்பு இனப் பெண்களைப் பற்றி இப்படிச் சொல்வது வழக்கம். வெளியார் சொல்கிறார்கள். சொந்தக் குடும்பத்தாரும் சொல்கிறார்கள். கேட்பதற்குப் புகழ்ச்சி போல இருக்கிறது. ஆனால், இந்தப் புகழ்ச்சியே பல பெண்களின் மன நலத்தைக் கெடுத்து விடுகிறது.

அது எப்படி?

கசையடி

இந்தப் பேச்சு நேற்றுப் பிறந்தது அல்ல. அமெரிக்காவில் 1865-ம் ஆண்டு வரை அடிமை முறை இருந்தது. கறுப்புப் பெண்கள் பருத்திக் காட்டில் ஆண்களுக்குச் சமமாகப் பாடுபட்டார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளை எஜமானர்கள் விற்றார்கள். எதிர்த்துப் பேசினால் கசையடி!

"இவர்களுக்கு வலி தெரியாது" என்று எஜமானர்கள் சொல்லிக் கொண்டார்கள். அப்படிச் சொன்னால்தானே மனச்சாட்சி உறுத்தாது!

மேரியன் சிம்ஸ் என்று ஒரு டாக்டர். 1840-களில் அலபாமா மாநிலத்தில் அடிமைப் பெண்களுக்கு ஆபரேஷன் செய்து பழகினார். மயக்க மருந்து கொடுக்கவில்லை. அனார்க்கா என்ற பெண்ணுக்கு மட்டும் சுமார் 30 முறை ஆபரேஷன் நடந்தது. அந்த டாக்டருக்கு நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். 2018-ம் ஆண்டில்தான் அந்தச் சிலையை அகற்றினார்கள்.

சிலை போய் விட்டது. பழைய நினைப்பு முழுவதும் போகவில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி ஒன்று 2016-ம் ஆண்டு வெளிவந்தது. வெள்ளை இன மருத்துவ மாணவர்களையும், பயிற்சி டாக்டர்களையும் விசாரித்தார்கள். "கறுப்பர்களின் தோல் தடிமன்" என்பது போன்ற தவறான கருத்துகளில் ஒன்றையாவது, பாதிப் பேர் உண்மை என்று நம்பினார்கள்.

ஹேமர் அம்மையார்

பேனி லூ ஹேமர் என்ற பெண்மணியின் வரலாற்றைக் கேளுங்கள்.

அவர் 1917-ம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். பெற்றோருக்கு 20 பிள்ளைகள். இவர் கடைக்குட்டி. ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனார்.

1961-ம் ஆண்டு, கட்டியை அகற்ற ஆஸ்பத்திரிக்குப் போனார். அவரைக் கேட்காமலே கருப்பையை எடுத்து விட்டார்கள். 1962-ல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனார். பண்ணையில் இருந்து விரட்டி விட்டார்கள். 1963-ல் சிறையில் வைத்து அடித்தார்கள். சிறுநீரகம் கெட்டது. கண் பார்வையும் கெட்டது.

அவர் ஓயவில்லை. ஓட்டுரிமைக்காகத் தொடர்ந்து போராடினார். நாடே அவரை வீராங்கனை என்று போற்றியது.

ஆனால், அந்த வீராங்கனையும் மனுஷிதானே! 1972-ல் நரம்புத் தளர்ச்சியால் ஆஸ்பத்திரியில் படுத்தார். 1977-ல், 59 வயதில் காலமானார். தாங்கிய துன்பத்துக்கு உடம்பும் மனமும் கொடுத்த விலை அது.

ஐந்து சுமை

செரில் உட்ஸ் ஜிஸ்கோம்பே என்ற கறுப்பு இனப் பெண் அறிஞர், 2010-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். இந்தப் பெண்கள் சுமக்கும் சுமைகளை அவர் ஐந்தாக வகுத்தார்.

எப்போதும் தைரியமாகவே தோன்ற வேண்டும். துக்கத்தை வெளியே காட்டக் கூடாது. பிறரிடம் உதவி கேட்கக் கூடாது. கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் முன்னேறியாக வேண்டும். தன்னைக் கவனிக்கும் முன்பு மற்றவர்களைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் குணத்தால் குடும்பங்கள் பிழைத்தன என்பது உண்மை. அதை அந்தப் பெண்களே சொன்னார்கள். ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொன்னார்கள்: தூக்கம் கெடுகிறது, உறவில் விரிசல் விழுகிறது, மனம் சோர்ந்து போகிறது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். ஓயாத கவலையும், அவமதிப்பும் உடம்பை முன்கூட்டியே முதுமை அடையச் செய்கின்றன என்று ஆர்லீன் ஜெரோனிமஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1992-ம் ஆண்டிலேயே எழுதினார்.

விலகிய வீராங்கனை

சிமோன் பைல்ஸ், உலகப் புகழ் பெற்ற ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில், குழுப் போட்டியின் நடுவில் விலகிக் கொண்டார். அந்தரத்தில் சுழலும்போது உடம்பு எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. தலைகீழாக விழுந்தால் கழுத்து முறியும்.

"மன நலம்தான் முக்கியம்" என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். சிலர் அவரைக் கோழை என்று ஏசினார்கள். அவர் மன நல நிபுணரிடம் போனார். சிகிச்சை பெற்றார். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும், ஒரு வெள்ளியும் வென்றார்.

உதவி கேட்டதால் அவருடைய பலம் குறைந்ததா? இல்லை. திரும்பி வந்தது!

என்ன செய்ய வேண்டும்?

"ஜெபம் செய். எல்லாம் சரியாகி விடும்" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. ஜெபம் ஆறுதல் தரும். ஆனால், காய்ச்சல் வந்தால் ஜெபமும் செய்கிறார்கள், மருந்தும் சாப்பிடுகிறார்கள். மன நோய்க்கு மட்டும் மருந்து வேண்டாமா?

அமெரிக்காவில் 2022-ம் ஆண்டு முதல், மனம் உடைந்தவர்கள் 988 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். அது மட்டும் போதாது. "வலிக்கிறது" என்று ஒரு பெண் சொன்னால், டாக்டர் அதை நம்ப வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் வேலையைப் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது பழமொழி. அழவே கூடாது என்று ஓர் இனத்துப் பெண்களை வளர்த்து விட்டு, "உனக்கு என்ன குறை?" என்று கேட்பது நியாயம் அல்ல.

சுமப்பவளைப் புகழ்வது சுலபம். சுமையில் ஒரு பங்கை வாங்கிக் கொள்வதே உதவி.