அடுப்புக்கு முன் வயரிங்

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கும்போது விலைக்கும் தோற்றத்துக்கும் முன்பாகப் பார்க்க வேண்டியது வாட் அளவு. இந்திய வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். வாட்டை அதனால் வகுத்தால் அடுப்பு இழுக்கும் ஆம்பியர் கிடைக்கும். 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜர், மிக்சி போன்றவற்றுக்கான 6 ஆம்பியர் சாக்கெட் 1380 வாட் வரைதான் தாங்கும். ஆகவே 16 ஆம்பியர் பவர் பிளக்கே பொருத்தம். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் வயர் சூடேறி உருகும் அபாயம் உண்டு. மேடையில் பதிக்கும், நான்கு அடுப்புகள் கொண்ட வகைகள் 7000 வாட்டைத் தொடுவதால், மெயின் போர்டிலிருந்து தனி லைனும் மின்பளு மிஞ்சினால் தானே துண்டிக்கும் தனி எம்.சி.பி. சுவிட்சும் தேவை, வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் சரிபார்க்க வேண்டும். செலவுக் கணக்கு எளிது: 2000 வாட்டில் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். இரும்பு தோசைக்கல் சூடாகும், சாதாரண அலுமினியப் பாத்திரம் சூடாகாது. பழைய வயரிங் உள்ள சிறு குடும்பத்துக்கு 1200 வாட் அடுப்பே புத்திசாலித்தனமான தேர்வு. சமையல் சற்றுத் தாமதமாகுமே தவிர, வயருக்குச் சுமை ஏறாது.