காத்து சொன்னா ரயிலே நிக்கும்!

'நாளைக்கு மழை வருமா, காலேஜுக்கு லீவு விடுவாங்களா?' வானிலைன்னாலே நமக்கு இந்த ரெண்டு கேள்விதான். ஆனா, காத்தையும் மழையையும் அளந்து ரயிலை நிறுத்துறவங்க, விமானத்தை இறக்குறவங்க, விவசாயிக்கு இழப்பீடு கொடுக்குறவங்க இருக்காங்க. 'மழைக்கு வாய்ப்பு உண்டு' என்ற ஒற்றை வரி அவங்களுக்குப் போதாது. அந்த இடத்துல, அந்த நிமிஷத்துல என்ன நடக்குதுன்னு தெரியணும். அதுக்குத்தான் தானியங்கி வானிலை நிலையங்கள்.

சிவப்பு விளக்கு!

பாம்பன் பாலத்துல இருந்தே ஆரம்பிப்போம். 1914-ல் திறந்த பழைய பாலத்தில், காற்றின் வேகத்தை அளக்கும் கருவியை சிக்னலோடு இணைத்திருந்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறிவிடும். 'லேட்டாகுது, போயிடலாம்'னு அங்கே யாரும் துணிச்சல் காட்ட முடியாது!

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1964 டிசம்பர் புயலை நினைச்சுப் பாருங்க. தனுஷ்கோடியை நெருங்கிய பாசஞ்சர் ரயிலை கடல் அப்படியே வாரிச் சுருட்டியது. நூறு பேருக்கு மேல் பலி. அதே புயலில் பாலமும் சிதைந்தது. இ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அதைச் சரிசெய்தது தனி சாதனை. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தாச்சு. ஆனா, கடல் காத்து அதே காத்துதான்!

10 போனா 27 போச்சு!

அடுத்து முப்பந்தல் காற்றாலைகள். இங்கே நம்ம கிளாஸ்ல படிச்ச ஃபார்முலா ஒண்ணு காசு விஷயமா மாறுது. காற்றில் கிடைக்கும் ஆற்றல், அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். அதாவது வேகம் 10 சதவிகிதம் குறைஞ்சா, ஆற்றல் சுமார் 27 சதவிகிதம் காலி! அதனாலதான் காற்றாலை நடுறதுக்கு முன்னாடியே உயரமான கம்பம் நட்டு, மாதக்கணக்கில் அளக்குறாங்க. அளவு கொஞ்சம் பிசகினாலும் போட்ட கணக்கு மொத்தமும் தப்பு.

ஏர்போர்ட்டில் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால், விமானத்தின் உயரமானி சுமார் 30 அடி மாற்றிக் காட்டும். மேகத்துக்குள்ளே இறங்குற பைலட்டுக்கு அந்த 30 அடி சின்ன விஷயம் இல்லை!

சீ-சா மழைமானி

மழையை அளக்கும் கருவி ரொம்ப சிம்பிள். உள்ளே குட்டி சீ-சா ஒண்ணு. ஒரு பக்கம் நிறைஞ்சதும் சாய்ந்து கொட்டும்; மறுபக்கம் நிறைய ஆரம்பிக்கும். ஒரு சாய்வுக்கு 0.2 மில்லிமீட்டர்னு வெச்சா, 50 சாய்வு 10 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு 10 லிட்டர் தண்ணி!

இதை நம்பி விவசாயியின் பணமே இருக்கு. வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில், வயலை நேரில் பார்த்து இழப்பீடு முடிவாவதில்லை. அந்தப் பகுதிக்கான வானிலை நிலையத்தின் பதிவுதான் பேசும். மழைமானியின் புனலில் இலையோ பறவை எச்சமோ அடைச்சுக்கிட்டா? பெய்த மழை பதிவாகாது. மழையில் அழுகிய பயிருக்கு 'மழையே இல்லை'னு பதில் வரும்!

அதனால கருவி வாங்குறது பாதி வேலைதான். சரியான இடத்துல வைக்கணும், சுத்தம் பண்ணணும், அளவு சரியான்னு அடிக்கடி சோதிக்கணும். காற்றுமானிக்கு உலக வானிலை அமைப்பு சொல்லும் விதி: 10 மீட்டர் உயரம், பக்கத்துக் கட்டடத்திலிருந்து, அதன் உயரத்தைப் போல குறைந்தது 10 மடங்கு தூரம்.

மினி புராஜெக்ட்டுக்கு மண்டை காயுற எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் பார்ட்டிகளே... ஒரு சீ-சா மழைமானி செஞ்சு மொட்டை மாடியில வையுங்க. பக்கத்துலயே ஒரு சாதாரண மழைமானியையும் வெச்சு, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒத்துப்போகலைன்னா, ஏன்னு தேடுங்க. நிஜமான இன்ஜினீயரிங் அங்கேதான் ஆரம்பம்!