பயிற்சி ஆருக்குத் தேவை?

எங்கட கூட்டாளி ஒருவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வயது 24. ஓ.எல். முடித்தவன். கணினிப் பயிற்சி, தையல் பயிற்சி, போன் திருத்தும் பயிற்சி, தலைமைத்துவப் பயிற்சி என்று அவனது பைலில் நாலு சான்றிதழ்கள் இருக்கின்றன. போன வருஷம் மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தார்கள். வேலை பின்பக்க ஸ்டோரில். வருகிற சாமானை எண்ணி, கணினியில் பதிந்து, அடுக்கி வைக்க வேண்டும். எங்களில் இரண்டு பேர் அவனுடன் போனோம்.

முதலாளி நல்ல மனிதர்தான். எங்களை இருக்கச் சொன்னார். பைலை ஒரு தரம் புரட்டினார். பிறகு அவனைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துச் சொன்னார்: “நல்ல பிள்ளையாத்தான் இரிக்காரு தம்பி. ஆனா கஸ்டமரோட கதைக்க ஏலாதே. மறுகா அவருக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்.” சொல்லிவிட்டு லாச்சியைத் திறந்து 1000 ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து அவனது சேர்ட் பைக்குள் வைத்தார். அவன் அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு எழும்பினான். வெளியே வந்ததும் போனில் தட்டி எங்களுக்குக் காட்டினான்: “ஸ்டோருக்குள்ள எந்தக் கஸ்டமர்?”

இந்தக் கேள்வியை நாங்கள் இன்னும் கட்டிக்கொண்டு திரிகிறோம். அந்த முதலாளியிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. தன் கடையில் எந்த வேலைக்கு என்ன தேவை என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை, அவ்வளவுதான். எங்கட கூட்டாளியிடம் நாலு பயிற்சிச் சான்றிதழ் இருக்கு. முதலாளியிடம் ஒன்றுகூட இல்லை. அப்ப பயிற்சி ஆருக்குத் தேவை?

யுத்தம் முடிந்த பிறகு எங்கட மாவட்டத்தில் நடந்த செயலமர்வுகளை எண்ணி முடிக்க ஏலாது. பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். பனர் கட்டுவார்கள். வளவாளர் வருவார். பற்றிஸும் பிளேன்ரீயும் வரும். காலை இழந்தவர்கள், கண் தெரியாதவர்கள், குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிற பெண்கள் எல்லோரும் வரிசையாக இருப்பார்கள். அவர்களுக்குத் தன்னம்பிக்கை பற்றி வகுப்பு எடுக்கப்படும். ஷெல்லடிக்குள்ளால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடின மனுசிக்குத் தன்னம்பிக்கை வகுப்பு! கடைசியில் குழுப்படம். டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் இதையே கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள்.

இவ்வளவு காலத்தில் பெயர்தான் மாறியிருக்கிறது. ஊனமுற்றோர் என்றார்கள், வலுவிழந்தோர் என்றார்கள், விசேட தேவையுடையோர் என்றார்கள், இப்போது மாற்றுத்திறனாளிகள். கடை வாசலில் கிடக்கிற படி மட்டும் அப்படியே கிடக்கு.

எல்லாத் திட்டங்களையும் ஒரே தட்டில் போடவும் மாட்டோம். அவுஸ்திரேலிய அரசின் நிதியில் மட்டக்களப்பு, திருகோணமலை, அம்பாறை, பொலன்னறுவை மாவட்டங்களில் நடந்த ‘ஸ்கில்ஸ் ஃபோர் இன்குளூசிவ் குரோத்’ திட்டம் உல்லாசப் பயணத் துறையை எடுத்துக்கொண்டு, வேலை தேடுகிறவர்களுடன் மட்டும் நிற்காமல் தொழில் நடத்துகிறவர்களிடமும் போனது. கொழும்பில் இலங்கை முதலாளிமார் சம்மேளனம் மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுப்பதற்கென்றே நிறுவனங்களின் வலையமைப்பு ஒன்றை நடத்துகிறது. திசை சரியானதுதான். ஆனால் திட்டத்துக்கு முடிவுத் திகதி இருக்கிறது. கொழும்பு வலையமைப்போ மனிதவளப் பிரிவு என்று தனியாக ஒன்று வைத்திருக்கிற பெரிய கம்பனிகளுக்குத்தான் வசதி. எங்கட வாவிக்கரையில் முதலாளி என்றால் ஆர்? புடவைக்கடைக்காரர், அரிசி ஆலைக்காரர், பேக்கரிக்காரர், பாசிக்குடாவில் சின்ன விடுதி நடத்துகிறவர், டியூட்டரி நடத்துகிற சேர். ஐந்து, பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறவர்கள். அவர்களிடம் ஆரும் போகவில்லை.

“சட்டம் இருக்கா?” என்று கேட்பீர்கள். இருக்கு, தாராளமாக இருக்கு. அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற 27/88 இலக்கச் சுற்றறிக்கை 1988 இல் வந்தது. இதை வாசிக்கிற பலர் அப்போது பிறக்கவே இல்லை. 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி ஆட்சேர்ப்பில் ஒருவரைப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. 2006 இல் வந்த ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வழி செய்ய வேண்டும் என்று 3 வருஷத் தவணை கொடுத்தன. வழி வராததால், சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் சி. எஸ். பெரேரா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2011 இல் நீதிமன்றம் அவர் பக்கம் கட்டளை போட்டது. 2016 இல் இலங்கை ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதி செய்தது. ஆனால் அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்று பாகுபாட்டுக்கான காரணங்கள் வரிசையாக இருக்கும். இயலாமை அந்த வரிசையில் இல்லை.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானவர்களுக்கு, அதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு, ஏதோ ஒரு இயலாமை இருக்கிறது. அவர்களில் 15 வயதைத் தாண்டியவர்களை எடுத்தால் பத்துக்கு ஏழு பேர் அளவில் பொருளாதார நடவடிக்கைக்கு வெளியே இருக்கிறார்கள். இதில் முதியவர்களும் சேர்த்திதான். அவர்களைக் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சுவது ஒரு கைப்பிடி ஆட்கள் இல்லை. உங்கட ஒழுங்கையிலேயே ஒருவர் இருப்பார். காலையில் எல்லோரும் வேலைக்குப் போக, வாசலில் கதிரை போட்டு இருப்பாரே, அவர்தான்.

முதலாளிமார் சொல்கிற முதல் மறுமொழி “செலவு.” சரி, கணக்குப் பார்ப்போம். சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படுகிற அளவு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். வாசல் படி 6 அங்குலம் என்றால் 6 அடி நீளச் சாய்தளம் போதும். கொஞ்சம் சீமெந்து, கொஞ்சம் மணல், மேசன் ஒருவர். திறப்புவிழாவுக்குக் கட்டுகிற பலூன் வளைவுக்குச் செலவழிக்க மனம் வருகிறது, இதற்கு வராதா? அந்தச் சாய்தளத்தில் சாமான் வண்டிலும் ஏறும், வயிற்றுப்பிள்ளைக்காரியும் ஏறுவா, முழங்கால் வருத்தத்தோடு வருகிற அப்பம்மாவும் ஏறுவா. காது கேளாதவருக்கு வேண்டியது இன்னும் குறைவு. கூப்பிட்டுச் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதிச் சொன்னால் சரி. மணி அடிக்கிற இடத்தில் ஒரு லைட்டையும் எரிய விட்டால் சரி. பெரும்பாலான மாற்றங்கள் காசால் முடிகிறவை இல்லை, கேட்டால் முடிகிறவை. “உனக்கு இங்க வேலை செய்ய என்ன வேணும்?” என்று அந்த ஆளிடமே ஒரு தரம் கேட்டிருந்தால், ஸ்டோர் வேலைக்குக் கஸ்டமரைக் காரணம் காட்ட வேண்டி வந்திராது.

இதே கண்ணால் இப்போது வேலையில் இருக்கிறவர்களையும் பாருங்கள். நகரத்தின் புடவைக்கடைகளுக்குள் காலையிலிருந்து இரவு வரை நிற்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கதிரை இருக்கு? கடைக்குள் பெண்களுக்கென்று ஒழுங்கான மலசலகூடம் இருக்கா? இல்லாத இடங்களில் தண்ணீர் குடிக்காமலேயே பகலை ஓட்டுகிற அக்காமாரை எங்களுக்குத் தெரியும். கேரளாவில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் இதே நிலைமைதான் இருந்தது. அங்கே விஜி என்ற தையல்காரப் பெண் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கி, கடைப் பெண்களைச் சேர்த்து முதலில் மலசலகூடத்துக்காகப் போராடினா. பிறகு இருப்பதற்கான உரிமையைக் கேட்டா. 2018 இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 இல் தமிழ்நாடும் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. 2010 இல் வந்த ‘அங்காடித் தெரு’ படத்தைப் பார்த்து அழுத நாங்கள், எங்கட தெருக் கடையில் உடுப்பு எடுக்கும்போது அங்கே நிற்கிற பிள்ளையின் காலைப் பார்ப்பதில்லை.

இனி வாவியைக் கடப்போம். படுவான்கரைப் பிள்ளைகள் வேலைக்கு எழுவான்கரைக்குத்தான் வர வேண்டும். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பாதையில் ஏறித் துறை கடக்கிற பாடு இல்லை. ஆனால் பாலம் இருந்தால் போதுமா, பஸ்ஸும் இருக்க வேண்டுமே. கடைசி பஸ் போன பிறகு கடை பூட்டினால், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்த வேலை இல்லை என்றுதான் அர்த்தம். விளம்பரத்தில் அப்படி எழுதியிருக்காது. எழுதாமலே ஆட்களை வடிகட்டுகிற சங்கதிகள் இப்படித்தான் இருக்கும். இன்னொன்றையும் சொல்லத்தான் வேணும். காத்தான்குடியும் ஆரையம்பதியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். தமிழ்க் கடையில் முஸ்லிம் பிள்ளையையும், முஸ்லிம் கடையில் தமிழ்ப் பிள்ளையையும் கஸ்டமராக எவ்வளவும் காணலாம். காசுப் பெட்டிக்குப் பின்னால் எத்தனை பேரைக் கண்டிருக்கிறீர்கள்? “எங்கட ஆக்களா இருந்தா நல்லம்” என்று மெதுவாகச் சொல்கிறவர், உள்வாங்கும் வேலைத்தலம் என்று நாளைக்குப் பனர் கட்டினால் நாங்கள் நம்ப வேண்டுமா?

சின்ன முதலாளிமாரின் கஷ்டம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. 2022 இல் எரிபொருள் வரிசையில் அவர்களும்தான் நின்றார்கள். கடனில் கடை நடத்துகிறார்கள். அதனால்தான் நாங்கள் அவர்களைத் திட்டிவிட்டுப் போகாமல், அவர்களுக்கும் உதவி வேண்டும் என்கிறோம். அந்த உதவி சரியான இடத்துக்குப் போக வேண்டும். திட்டம் நடத்துகிறவர்களே, ஐந்தாவது தையல் பயிற்சிக்கு வைத்திருக்கிற காசில் பத்துக் கடைக்குச் சாய்தளம் போடுங்கள், பெண்களுக்கு மலசலகூடம் கட்டுங்கள். வர்த்தக சங்கங்களே, உங்கட உறுப்பினர்களை ஒரு நாள் கூட்டி, ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு வேலைக்கும் உண்மையில் என்ன தேவை என்று எழுதிப் பாருங்கள். பிரதேச செயலகங்களே, 3 வீதச் சுற்றறிக்கையை உங்கட கந்தோரிலிருந்தே தொடங்குங்கள். வேலைக்கு எடுத்தால் மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே சம்பளம், அதே ஈ.பி.எப். “பாவம், ஏதோ கைச்செலவுக்கு” என்று பாதிச் சம்பளத்துக்கு வைத்திருப்பது வேலை கொடுத்த கணக்கில் வராது.

இவ்வளவும் எழுதுகிற எங்கட கையும் சுத்தமில்லை. எங்கட வாசிப்புக் கூட்டங்களை இரண்டு வருஷமாக ஒரு மேல்மாடி அறையில்தான் நடத்தினோம். வாடகை குறைவு, வாவிக் காற்றும் வரும். எங்கட கட்டுரைகளை ஒன்று விடாமல் வாசிக்கிற, சக்கர நாற்காலியில் இருக்கிற தங்கச்சி ஒருத்தி ஒரு கூட்டத்துக்கும் வரல்ல. ஏன் வரல்ல என்று நாங்கள் கேட்கவும் இல்லை. ஸ்டோருக்குள்ள எந்தக் கஸ்டமர் என்று கேட்டவன்தான் அதையும் கேட்டான்: “அவ எப்படி ஏறுவா?” அந்த முதலாளிக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு எங்களுக்கே விளங்கல்ல. போன மாதத்திலிருந்து கீழ்வீட்டு விறாந்தையில் கூடுகிறோம். காற்று குறைவு. முதல் கூட்டத்துக்கே அவ வந்தா. எங்கட போன கட்டுரையில் இரண்டு பிழை இருக்கென்று காட்டினா.

எங்கட கூட்டாளிக்கு இன்னும் சம்பள வேலை கிடைக்கல்ல. வீட்டு முன்னறையில் மேசை போட்டுப் போன் திருத்துகிறான். அவனும் அந்தத் தங்கச்சியும் நாங்களுமாக ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். அளவு நாடா ஒன்றும் கொப்பி ஒன்றும் எடுத்துக்கொண்டு, கூப்பிடுகிற கடைக்கு வருவோம். வாசல் என்ன உயரம், கதவு என்ன அகலம், எந்த வேலைக்கு ஆர் பொருந்துவார் என்று முதலாளியுடன் இருந்து பார்ப்போம். அவர்கள் இரண்டு பேரும்தான் வளவாளர்கள். நாங்கள் கொப்பி தூக்குகிறவர்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லி வைக்கிறோம்: வளவாளருக்கு மற்றச் செயலமர்வுகளில் என்ன கொடுப்பனவோ, அதையே இவர்களுக்கும் கொடுக்க வேண்டும். சேர்ட் பைக்குள் வைக்கிற காசு வேண்டாம்.