ஆடுகளுக்கும் அம்மைத் தடுப்பூசி வேண்டும்



வேளச்சேரியில் சாலையில் திரியும் மாடுகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், ஆடுகளைக் கண்டுகொள்வதில்லை. வீட்டோரம் நாலைந்து வெள்ளாடு கட்டி வளர்க்கும் குடும்பங்கள் இங்கே இன்னமும் உண்டு. பக்ரீத் நெருங்கினால் வெளியூர் ஆடுகளும் வந்து சேரும். அவற்றோடு அம்மையும் வந்துவிடலாம்.

முதலில் காய்ச்சல், மூக்கொழுகல். பிறகு காது, உதடு, மடி, வாலடி என முடி குறைந்த இடங்களில் கொப்புளங்கள். குட்டிகள்தான் அதிகம் சாகும். உதிர்ந்த பொருக்கில் கிருமி மாதக்கணக்கில் தங்கியிருக்கும். வந்தபின் அதை அழிக்க மருந்து கிடையாது. முன்கூட்டியே தடுப்பூசி போடுவதே வழி.

அதற்கு நாம் வெளியே கையேந்தவும் வேண்டாம். ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் அரசு கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்துக்கு ஆட்டம்மைத் தடுப்பூசி தயாரித்த அனுபவம் உள்ளது. 2022-ல் வட மாநிலங்களில் தோல் கழலை நோயால் மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது கைகொடுத்ததும் வெள்ளாட்டம்மைத் தடுப்பூசிதான். இரண்டு கிருமிகளும் நெருங்கிய உறவு. மாட்டைக் காத்த ஊசி ஆட்டுக்கே கிடைக்காமல் போவது என்ன நியாயம்?

ஆடு வளர்ப்போரில் பலர் தினக்கூலிகள். வேலைநாளில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைய அவர்களால் முடியாது. ஊசியும் ஐஸ் பெட்டியில் வர வேண்டும். வெயிலில் கிடந்தால் போட்டும் பயனில்லை. எனவே கால்நடை பராமரிப்புத் துறை, மாநகராட்சியோடு சேர்ந்து, பருவமழைக்கு முன் வேளச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை முகாம் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

- ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை