‘ஏறப்போகுதாமே?’ என்பதை ஆங்கிலத்தில் கேட்பது

அன்றாடச் செய்திகளைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசுவது ஒரு தனித் திறன். ஆங்கில நாளிதழை வாசித்தால் அது தானாக வந்துவிடும் என்பது தமிழ்நாட்டில் வேரோடிய நம்பிக்கை. 1878இல் சென்னையில் தொடங்கிய ‘தி இந்து’வின் தலையங்கத்தைத் தினமும் படி என்று தாத்தா அப்பாவுக்கும், அப்பா பிள்ளைக்கும் சொல்லிவந்திருக்கிறார்கள். அளந்து எழுதக் கற்பவருக்கு அது நல்ல அறிவுரைதான். அந்த நடையை நாக்கில் ஏற்றிக்கொண்டு வளாக நேர்காணலின் குழு விவாதத்தில் உட்காரும் மாணவரோ பேசுவதற்குப் பதில் ஒப்பிக்கிறார்.

தலைப்புச் செய்திகளின் மொழி பேச்சிலிருந்து இன்னும் விலகியது. நேற்று நடந்ததை அது நிகழ்காலத்தில் சொல்லும். நாளை நடக்கப்போவதை ‘டு’ போட்டுச் சொல்லும். இடம் போதாதென்று ‘எ’, ‘தி’ எல்லாவற்றையும் உதிர்த்துவிடும். ‘த்ரீ ஹெல்ட் இன் தெஃப்ட் கேஸ்’ என்று அச்சில் வருவதை, வாய்விட்டுச் சொல்கிறவர் ‘தே ஹேவ் அரெஸ்டட் த்ரீ பீப்பிள்’ என்றுதான் சொல்வார்.

இந்த ‘ஹேவ்’ கவனிக்கத்தக்கது. புதுச் செய்தியை அறிவிக்கும் முதல் வாக்கியத்தில் பிரிட்டன்காரர்கள் பெரும்பாலும் அதைச் சேர்ப்பார்கள். விவரத்துக்கு வந்ததும் விட்டுவிடுவார்கள். ‘தே ஹேவ் கேன்சல்ட் தி மேட்ச்’ என்றவர் அடுத்த மூச்சில் ‘இட் ரெயின்ட் ஆல் ஆஃப்டர்நூன்’ என்பார். அமெரிக்கர்கள் முதல் வாக்கியத்தையே வெறும் இறந்தகாலத்தில் சொல்வதும் உண்டு. ‘யெஸ்டர்டே’யோடு ‘ஹேவ்’ சேர்ப்பதுதான் நம்மூரில் தீராத பிழை.

தமிழரைத் தடுக்கிவிழச் செய்யும் இடம் வேறொன்று. ‘பஸ் கட்டணம் ஏறப்போகுதாமே?’ என்று ஒருவர் டீக்கடையில் கேட்கிறார். ‘ஆம்’ என்ற ஒட்டு, இது காதில் விழுந்த சேதி, இதற்கு நான் பொறுப்பில்லை என்கிறது. அதோடு சேர்ந்த ஏகாரம், உனக்குத் தெரிந்திருக்குமே, சொல் என்று எதிராளியை உள்ளே இழுக்கிறது. ஆங்கில வினைச்சொல்லில் இப்படி ஒட்டிக்கொள்ளும் உறுப்பு கிடையாது. அங்கே ‘ஐ ஹியர்’, ‘அப்பேரன்ட்லி’, ‘தே சே’ போன்றவை தனித்து நின்று அந்த வேலையைச் செய்கின்றன: ‘ஐ ஹியர் பஸ் ஃபேர்ஸ் ஆர் கோயிங் அப்.’ கேட்டது நேற்றே ஆனாலும் ‘ஹியர்’ நிகழ்காலத்தில்தான் நிற்கும். இவற்றை விட்டுவிட்டால் வதந்தி சாட்சியமாகிவிடும். உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியும் கூடவே வரும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை.

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இல் வெளிவந்த கட்டுரையொன்றில், தகவல் தருவதைவிட உறவைப் பேணுவதற்காகவே நடக்கும் பேச்சுக்குத் தனிப் பெயர் சூட்டினார். செய்திப் பேச்சில் பெரும்பகுதி அந்த வகைதான். முழு விவரமும் தெரிந்தபிறகே வாய்திறப்பது என்றிருப்பவர் கடைசிவரை பேசப்போவதில்லை. தெரியாததைக் கேள்வியாக்கினாலே பேச்சு நகரும். எதைப் பேசுவது என்பதில் ஆங்கிலம் புதிதாக எதையும் கேட்கவில்லை. அறிமுகம் குறைந்தவர்களிடம் மழை, கிரிக்கெட், ரயில் தாமதம் ஆகியவையே பாதுகாப்பான தொடக்கங்கள். கட்சியும் மதமும் பிறகு. ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்று சலூனில் பலகை மாட்டிய ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காதைப் பழக்க வழிகள் உண்டு. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் தொடங்கிய ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’, ஏறத்தாழ 1,500 அடிப்படைச் சொற்களைக் கொண்டு செய்தியை நிதானமாக வாசித்தது. ஆனால் வாசிப்பவருக்குப் பதில் சொல்ல முடியாது. பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ போல இருவர் உரையாடும் நிகழ்ச்சிகள், ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்வதையும் கேட்கவைப்பதால், இந்த விஷயத்தில் மேல்.

பயிற்சி தருகிறவர்கள் ஒரு மாதம் இதைச் செய்து பார்க்கட்டும்: அன்று காலை காதில் விழுந்த சேதியைக் கற்பவர் ‘ஐ ஹியர்’ போட்டு ஒரு வாக்கியத்தில் சொல்லட்டும், விவரத்தை இன்னொன்றில் சொல்லட்டும், மூன்றாவதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேள்வியாக விடட்டும்.