பழைய கார்: ஓடுகிற பாகத்தை ஏன் மாற்ற வேண்டும்?

“நல்லாத்தானே ஓடுது, அதை ஏன் கழட்டணும்?” பழைய கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. இதில் நியாயமும் இருக்கிறது. விற்றால் கைக்கு வரப்போவது சொற்பத் தொகை. அப்படிப்பட்ட காரில் பழுதாகாத பாகத்தை ஆயிரக்கணக்கில் கொடுத்து மாற்றுவது வீண் செலவாகத்தான் தோன்றும்.

ஆனால், பழைய காரின் மதிப்பு அதன் விற்பனை விலையில் இல்லை. கடலூரில் இருந்து நள்ளிரவில் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு, சிதம்பரத்தில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு அந்தக் கார் வழியில் நிற்காமல் போய்ச் சேர வேண்டும். ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் இடையில், மழை பெய்யும் இரவில் வண்டி நின்றுபோனால் மிச்சம் பிடித்த பணத்தால் பயன் இல்லை.

சொல்லிவிட்டுப் போவதும், சொல்லாமல் போவதும்

எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. தேயும்போதே சொல்லும் பாகங்கள் உண்டு. பிரேக் பேட் தேய்ந்தால் கிறீச்சிடும். வீல் பேரிங் போனால் ‘ஊங்’ என்று இரையும். பேட்டரி பலவீனமானால் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். இவற்றைக் கவனித்து, அறிகுறி தெரிந்ததும் மாற்றினால் போதும். கண்ணாடி ஏற்றும் மோட்டார், கதவுப் பூட்டு போன்றவை பழுதான பிறகே மாற்றலாம், யாருக்கும் ஆபத்தில்லை.

சொல்லாமல் போகும் பாகங்களில்தான் சிக்கல். டைமிங் பெல்ட் அதில் முதன்மையானது. இன்ஜினின் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதாதபடி இயக்கத்தை ஒழுங்குபடுத்துவது இந்த ரப்பர் பெல்ட். அது அறுந்தால் இன்ஜின் அந்த நொடியே நின்றுவிடும். பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும். பெல்ட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, இன்ஜினையே பிரிக்கும் அளவுக்குப் போகும். சில கார்களில் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருக்கும். எது இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அடுத்தது பிரேக் ஆயில். இது காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ஈரம் சேரச் சேர, கொதிநிலை குறையும். தொடர்ந்து பிரேக் அடிக்கும்போது சூட்டில் ஆவி உருவாகி, மிதித்த பெடல் பிடிக்காமல் உள்ளே போய்விடும். அதனால்தான் பல நிறுவனங்கள் சுமார் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் ஹோஸ், டயர் ஆகியவையும் இதே வகைதான். வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே ரப்பர் கெட்டிருக்கலாம்.

மீட்டர் மட்டும் போதாது

“வண்டி அதிகம் ஓடவே இல்லை சார்” என்பது அடுத்த சமாதானம். சிறு ஊர்களில் பல கார்கள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே வெளியே வருகின்றன. ஆனால் ரப்பருக்கு ஓட்டமும் வயசு, நின்றதும் வயசு. தயாரிப்பாளர் கையேட்டில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, ‘எது முதலில் வருகிறதோ அது’ என்று போட்டிருப்பது இதற்காகத்தான். டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி 4 இலக்கங்கள் அதன் பிறந்த தேதி: 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம்.

கடலோரத்தில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. உப்புக்காற்று, இரும்பாலான பிரேக் குழாய்களையும் வண்டியின் அடிப்பகுதியையும் அரிக்கும். 2015 வெள்ளத்தைப் பார்த்த மாவட்டம் இது. தண்ணீரில் நின்ற வண்டியில் பேரிங், கியர் ஆயில், பிரேக் மூன்றையும் உடனே பார்த்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, புரட்டாசிக்குள் இந்த வேலைகளை முடிப்பதே புத்திசாலித்தனம்.

எஃப்.சி. போதாதா?

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சான்று பெற்று, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணத்தை 2022 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு 600 ரூபாயில் இருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. அவ்வளவு கட்டி வாங்கும் சான்றும் சோதனை நடந்த நாளின் நிலையைத்தான் காட்டும். மூடிக்குள் இருக்கும் பெல்ட்டுக்கு எத்தனை வயது என்று அது சொல்லாது.

மெக்கானிக்கை நம்பலாமா?

‘மாத்துங்க, மாத்துங்க’ என்று பில்லை ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள் என்பது உண்மை. அதற்கு வழி, மாற்றாமல் விடுவது அல்ல. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். நல்ல ஒரிஜினலை எடுத்துவிட்டு டுப்ளிகேட் பெல்ட் போடுவதைவிடப் பழையதே மேல் என்பதால், பாகத்துக்கும் பில் கேட்க வேண்டும். எந்தப் பாகம், எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். பழைய கார் வாங்கியவரிடம் அந்த நோட்டு இல்லையென்றால், பெல்ட் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மொத்தச் செலவையும் ஒரே மாதத்தில் செய்யத் தேவையில்லை. முதலில் பிரேக், டயர், அடுத்து டைமிங் பெல்ட், ஹோஸ், மற்றவை பிறகு. இந்த வரிசையில் போனால், வேலையைக் குடும்பத்துக்கு வசதியான நாளில் செய்துகொள்ளலாம். தள்ளிப்போட்டால், நாளையும் இடத்தையும் தேய்ந்த பாகம் தீர்மானிக்கும்.