ஸ்பேஸ் இம்பாக்ட்டும் மூன்று உயிரும் - சில கோபங்கள்

திருத்தணியிலிருந்து காலையில் சென்னைக்குக் கிளம்பும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறினால், அரக்கோணம் வருவதற்குள் ஒரு தடவையாவது இந்த வசனம் காதில் விழுந்துவிடும்.

"எப்பப் பாரு போன்ல கேமு! உருப்படற வழியைப் பாருங்கடா!"

சொல்பவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ரிட்டயர்டு வாத்தியார், பாரிமுனைக் கடைக்கு வேலைக்குப் போகிறவர், யாரோ ஒரு பையனின் பெரியப்பா. சொல்லி முடித்த கையோடு அவரே தன் போனை எடுத்து, கலர் கலராய் மிட்டாய்களை மூன்று மூன்றாக அடுக்க ஆரம்பிப்பார். அது கேம் கணக்கில் வராது போலிருக்கிறது!

அறிவுரை சொல்வது பெரியவர்களின் பிறப்புரிமை, சொல்லிவிட்டுப் போகட்டும். பிரச்சினை அந்த "கேமு" என்ற ஒற்றை வார்த்தையில் இருக்கிறது. காசு கட்டி ஆடும் ரம்மி, நூறு பேர் குதித்துச் சுட்டுக்கொள்ளும் சண்டை, மிட்டாய் அடுக்குவது, என்றைக்கோ நோக்கியா போனில் கறுப்புப் புள்ளியாய்ப் பறந்த ஒரு கப்பல் - எல்லாமே ஒரே கோணிப்பையில். திருடனையும் தெருவில் போகிறவனையும் ஒரே வேனில் ஏற்றினால் யாருக்கு லாபம்? திருடனுக்குத்தான்.

அந்தக் கப்பலை எடுத்துக்கொள்வோம். 2000-ஆம் வருடம் வந்த நோக்கியா 3310-ல் பாம்புக்குப் பக்கத்திலேயே இருந்தது ஸ்பேஸ் இம்பாக்ட். (பழைய நினைவு பேசும் எல்லாரும் பாம்பைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். 2017-ல் 3310-ஐ மறுபடி கொண்டுவந்தபோதும் பாம்பைக் காட்டித்தான் விளம்பரம். கப்பல் என்ன பாவம் செய்ததோ.) மொத்தத் திரையே 84-க்கு 48, அதாவது 4,032 புள்ளிகள். இன்றைய போனில் ஒரு ஐகான் அளவுக்குக்கூட வராது. அதற்குள் கப்பல், எதிரிக் கூட்டம், மலை, ஸ்கோர், மிச்சமுள்ள உயிர் எல்லாவற்றையும் அடைத்திருந்தான் எவனோ ஒரு கெட்டிக்காரன்.

விதிகள் எளிது. திரை தானாக நகரும். கப்பலை மேலே, கீழே, முன்னே, பின்னே நகர்த்தலாம், ஆனால் ஓடுகிற திரையை நிறுத்த முடியாது. மூன்று உயிர். சாதாரணக் குண்டுக்குக் கணக்கில்லை, பெரிய ஆயுதத்துக்குக் கணக்கு உண்டு. வழியில் மிதந்து வருவதைப் பிடித்தால் கொஞ்சம் கூடும். எட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றின் கடைசியிலும் பாதித் திரையை அடைத்துக்கொண்டு ஒரு ராட்சசன். பெரிய ஆயுதத்தை வழியிலேயே வீணடித்தவன் அந்த ராட்சசன் முன்னால் பொடிக் குண்டை வைத்துக்கொண்டு முழிப்பான். சம்பளம் வந்த முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் செலவழித்தவன் இருபத்தைந்தாம் தேதி முழிப்பதுபோல. பட்ஜெட் போடுவதைப் பற்றி எத்தனையோ வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள், இவ்வளவு சீக்கிரம் உறைக்கிற மாதிரி யாரும் சொல்வதில்லை.

2003-ல் நோக்கியா 1100 வந்தது. டார்ச் லைட் வைத்த போன். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அதிலும் இந்தக் கப்பல், ஸ்பேஸ் இம்பாக்ட் ப்ளஸ் என்ற பெயரில். திருத்தணியைச் சுற்றி பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் பக்கமெல்லாம் தறிதானே பிழைப்பு. 2012 வாக்கில் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த நாட்களை அங்கே கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கரண்ட் போனால் விசைத்தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும். டார்ச்சுக்கு ஒரு போன் கையில் இருக்கிறது, அதே போனில் கப்பலும் இருக்கிறது. ஆந்திரா எல்லையோரம் என்பதால் டவர் சமயத்தில் அந்தப் பக்கம் தாவி ரோமிங் காட்டும், கப்பலுக்கு அந்தக் கவலையும் இல்லை. டவரே வேண்டாம். கரண்ட் வந்ததும் மூன்றாம் கட்டத்தில் ராட்சசன் பாதி செத்துக் கிடந்தாலும் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் தறிக்குப் போகலாம். "உன்னைக் காணோமே, சீக்கிரம் வா, இன்றைய பரிசு வீணாகிறது" என்று ராத்திரி பதினோரு மணிக்கு அது கூப்பிடாது.

ஏன் கூப்பிடாது? நோக்கியாக்காரன் நல்லவன் என்பதாலா? அட போங்க சார். அவனுக்கு அதில் பைசா பிரயோஜனம் இல்லை, அவ்வளவுதான்.

இது வணிகவியல் முதல் வருடக் கணக்கு. போனின் விலையிலேயே கேமின் விலையும் அடக்கம். கடையில் போன் விற்ற அன்றோடு அந்தக் கேமின் வருமானம் முடிந்தது. அதற்குப் பிறகு வாங்கியவன் பத்து நிமிடம் ஆடினால் என்ன, பத்து மணி நேரம் ஆடினால் என்ன, ஆடாமலே போனால்தான் என்ன, கம்பெனிக்கு வரவும் இல்லை செலவும் இல்லை. திருத்தணியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் இழுத்து மூடப்பட்டதே, அதுவரை அந்த ஆலைக்கு வருமானம் போன் விற்றுத்தான் வந்தது. போனுக்குள் ஓடும் கப்பல் எத்தனை தடவை வெடித்தது என்று எண்ணி வரவில்லை. இன்றைய இலவச கேமுக்கு வருமானமே அந்த எண்ணிக்கையில்தான்.

"அந்தக் காலத்து ஆர்கேடில் மட்டும் காசு போடாமலா ஆடினார்கள்?" என்று விவரம் தெரிந்தவர் கேட்பார். நல்ல கேள்வி. இந்தச் சுடும் விளையாட்டுகளின் பிறப்பிடமே காசுப் பெட்டிதான். 1978-ல் ஜப்பானின் டைட்டோ கம்பெனிக்காக நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் நாணயம் போட்டு ஆடும் இயந்திரம். 1981-ல் கொனாமியின் ஸ்க்ராம்பிள், பக்கவாட்டில் நகரும் கப்பல் விளையாட்டுகளுக்கு மூத்த அண்ணன்களில் ஒன்று. அதுவும் காசுதான். 1985-ல் க்ரேடியஸ், அதுவும் அப்படியே. மூன்று உயிர் என்ற கணக்கே அங்கிருந்து வந்ததுதான். ஒரு நாணயத்துக்கு இவ்வளவு சாவு, அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்னொரு நாணயம்.

ஆனால் அந்த விளையாட்டு வீட்டுக்குள் வந்தபோது என்ன நடந்தது பாருங்கள். க்ரேடியஸை 1986-ல் வீட்டு டிவியில் ஆடும் ஃபேமிகாமுக்கு மாற்றியபோது, அதைச் செய்த கசுஹிசா ஹாஷிமோட்டோவுக்குத் தன் கேமே ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சோதித்துப் பார்ப்பதற்காகத் தனக்கென்று ஒரு ரகசிய வழி வைத்துக்கொண்டார். மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ. அழுத்தினால் எல்லா ஆயுதமும் கையில். எடுக்க மறந்து அப்படியே வெளியே வந்துவிட்டது. அதே மந்திரம் கான்ட்ராவில் முப்பது உயிர் தரும். சைனா கேசட்டில் கான்ட்ரா ஆடி வளர்ந்த நம்மூர் அண்ணன்களை எழுப்பிக் கேட்டால் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். முப்பது உயிர், சும்மா! ஒரு நண்பன் இன்னொரு நண்பனுக்குச் சொல்லிப் பரவியது.

இன்றைக்கு அந்த முப்பது உயிரை இலவசமாக விட்டுவைத்த ஊழியரை வேலையில் வைத்திருப்பார்களா?

அதே கப்பல் விளையாட்டை இன்றைய போனில் இறக்கிப் பார்த்தால் தெரியும். இலவசம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். முதல் பத்துக் கட்டம் தூசு மாதிரி முடியும், "நாம பெரிய ஆளுடா" என்று தோன்றும். பிறகு திடீரென்று ஒரு ராட்சசன், கையில் இருக்கும் குண்டுக்கு அசையவே மாட்டான். திறமை போதவில்லை என்று பையன் நினைப்பான். உண்மையில் போதாதது திறமை கிடையாது, வைரம்! வைரம் வேண்டுமென்றால் காசு. காசு இல்லையா, முப்பது விநாடி விளம்பரம் பார்த்தால் ஒரு உயிர். அதுவும் வேண்டாமா, எனர்ஜி நிரம்பும்வரை காத்திரு. ஆர்கேடுக்காரன் காசை முதலிலேயே வாங்கினான், பெட்டியின் மேலேயே எழுதிவைத்து வாங்கினான். இவன் ராட்சசன் சாகப்போகிற நேரம் பார்த்து, கை நடுங்கும்போது கேட்கிறான்.

தணிகை மலைக்கு வருடத்தின் நாட்களைப் போல 365 படி. டிசம்பர் 31 படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பாட்டுப் பாடி ஏறுவார்கள். மூச்சு வாங்கும், முட்டி வலிக்கும், ஆனால் எத்தனை படி என்று கீழே நிற்கும்போதே தெரியும். நூற்றெண்பதாவது படியில் ஒருவன் கயிறு கட்டி உட்கார்ந்துகொண்டு, "உங்கள் கால் வலிமை தீர்ந்துவிட்டது. அரை மணி நேரம் காத்திருங்கள், அல்லது எண்பத்தொன்பது ரூபாய் கட்டி உடனே ஏறுங்கள்" என்றால் ஊர் சும்மா விடுமா? அதிலும், மேலே ஏற ஏறப் புதுப் படி முளைத்துக்கொண்டே இருந்தால்? (சிறப்பு தரிசன டிக்கெட் இல்லையா என்று குறுக்கே கேட்பவர்களுக்கு: அது மேலே, வாசலில், விலை எழுதிப் போட்டு. பாதிப் படியில் கிடையாது.)

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தமிழக சட்டமன்றம் 2022-ல் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒரு வழியாக நடைமுறைக்கு வந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டம். அந்த நவம்பரிலேயே சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அவற்றுக்குத் தடை பொருந்தாது என்றது. 2025-ல் காசு வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்துவரை பூட்டு போட்டார்கள். அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியில் வீட்டையே தொலைத்தவர்களை நினைத்தால் இவையெல்லாம் தேவைதான், சந்தேகமில்லை. ஆனால் சட்டம் பார்ப்பது ஜெயித்தால் பணம் வருமா என்பதை. உயிர் விற்பவனிடம் ஜெயித்தாலும் பணம் வராது, தோற்றால் மட்டும் போகும். எனவே அவன் வலைக்கு வெளியே, சமர்த்தாக! உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் காசுக்கு விற்கும் பெட்டிகளை பெல்ஜியம் 2018-லேயே சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. இங்கே எட்டாவது படிக்கும் பையன் அப்பாவின் போனில் அதைத் திறந்துகொண்டிருக்கிறான். அப்பாவுக்குக் கோபம் வந்தால் போனைப் பிடுங்குகிறார், "கேமே கூடாது" என்கிறார். பெட்டி விற்றவனை ஒரு வார்த்தை கேட்பதில்லை, அப்படி ஒருவன் இருக்கிறான் என்பதே அவருக்குத் தெரியாது. ஏமாற்றப்பட்ட பையனுக்கு அடி.

பையனுக்கு ஒரு கேமைக் கொடுப்பதற்கு முன் அப்பாக்கள் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். இது எங்கே முடியும்? இதைச் செய்தவனுக்குக் காசு எப்போது போகிறது? பழைய கப்பலுக்கு இரண்டுக்கும் பதில் உண்டு: எட்டாவது கட்டத்தில், போன் வாங்கிய அன்று. முதல் கேள்விக்கு "முடியாது", இரண்டாவதுக்கு "எப்போதும்" என்று பதில் வந்தால் பிடுங்கட்டும், தாராளமாகப் பிடுங்கட்டும். கேள்வி கேட்டுவிட்டுப் பிடுங்கட்டும்.

அந்த ட்ரெயின் இந்நேரம் திருவாலங்காடு தாண்டியிருக்கும். மிட்டாய் அடுக்கியவரின் ஐந்தாவது உயிரும் போயிருக்கும். அடுத்த உயிருக்கு அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் அது. அதுவரை பொழுது போக வேண்டுமே... எதிர் சீட்டுப் பையனைப் பார்த்து மறுபடி தொண்டையைச் செருமுவார்.